காலை எடுத்த பிறகும் காலில் வலி

சர்க்கரை நோயால் காலை எடுத்தவர்கள், இல்லாத பாதம் எரிகிறது, விரல் குத்துகிறது என்று சொல்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம். "காலே இல்லை, வலி எங்கிருந்து வரும்?" என்று கேட்டு அவர்களை மௌனமாக்கியும் விடுகிறோம். அது கற்பனை அல்ல. அறுபட்ட நரம்பின் நுனி தொடர்ந்து தகவல் அனுப்புகிறது. மூளை அதைப் பாதத்தின் வலியாகவே உணர்கிறது.

மாத்திரைக்குக் கேட்காத இத்தகைய வலிக்கு மருத்துவர்கள் சொல்லும் ஒரு வழி, நரம்பு மின்தூண்டல் சிகிச்சை. முழங்கையை இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோம் அல்லவா? கணக்கு அதுதான். தொடு உணர்வைச் சுமக்கும் நரம்பிழைகள் தூண்டப்பட்டால், வலி மூளைக்கு ஏறும் பாதையில் ஒரு கதவு சாத்திக்கொள்ளும் என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் விளக்கினார்கள். 1967-ல் வாலும் ஸ்வீட் என்ற மருத்துவரும் நரம்புக்கு மின்சாரம் கொடுத்து வலி குறைவதைக் காட்டினார்கள். முதல் சோதனை தங்கள் முகத்து நரம்பிலேயே!

இப்போது ஸ்கேனில் பார்த்தபடி, ஊசி வழியாக மெல்லிய கம்பியை நரம்பருகே வைக்கிறார்கள். சிறு கருவி அதற்கு மின்துடிப்பு தரும். ஒரு வகையில் 60 நாளில் கம்பியை எடுத்துவிடுவார்கள். மற்றொன்று உள்ளேயே இருக்கும். கம்பி தோலுக்கு வெளியே வரும் வகையானால் ஒளூ, குளிப்பு பற்றி மருத்துவரிடமும் ஆலிமிடமும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இது எல்லாருக்கும் பலிக்காது. கம்பி நகரலாம், சீழ் பிடிக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். பேஸ்மேக்கர் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். செயற்கைக்கால் சரியாகப் பொருந்தாமல் வரும் வலி வேறு. காலைச் சரிசெய்தாலே அது தீரலாம். பிசியோதெரபி நிலையங்களில் தோலின் மேல் ஒட்டும் டென்ஸ் கருவியும் உண்டு. செலவு மிகக் குறைவு என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

நிரந்தரக் கருவிக்கு முன் சில நாட்கள் தற்காலிகக் கம்பி வைத்துச் சோதிப்பது வழக்கம். வலி பாதியாவது குறைந்தால்தான் மேற்கொண்டு போவார்கள். சோதனை இல்லாமல் நேராகக் கருவி என்று யாராவது சொன்னால், வேறொரு வலி நிவாரண மருத்துவரிடமும் காட்டுங்கள்.

உதவி கோரி வருபவர்கள் எந்த நரம்பு, சோதனையில் எவ்வளவு குறைந்தது, மொத்தச் செலவு எவ்வளவு என்று மருத்துவர் எழுதிய கடிதத்தைக் கொண்டு வாருங்கள். நகையை அடகு வைத்த பிறகு அல்ல, அதற்கு முன்பே வாருங்கள்.