தமிழ்த் திரைப்படங்களில் சாதியும் இளங்காதலும்: 'காதல்', 'பரியேறும் பெருமாள்' ஆகியவற்றை முன்வைத்து

முன்னுரை

காதலர்க்கு இடையே நிற்கும் தடையாகத் தமிழ்த் திரைப்படம் பெரும்பாலும் செல்வ வேறுபாட்டையே காட்டிவந்தது. சாதியை நேர்நின்று நோக்கிய படங்கள் சிலவே. அவற்றுள் இரண்டை ஒப்பிட்டு, துன்புற்றவனின் குரல் எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குரல் இழந்தவன்

பாலாஜி சக்திவேல் இயக்கிய 'காதல்' (2004) மதுரையில் நிகழ்கிறது. இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் முருகன், பள்ளி மாணவியான ஐஸ்வர்யாவுடன் சென்னைக்குச் சென்று மணம் புரிகிறான். பெண்ணின் உறவினர் அவர்களைப் பிரித்து அவனைத் தாக்குகின்றனர். இறுதியில் அவன் மனநிலை பிறழ்ந்து தெருவில் திரிகிறான். அவளுடைய கணவனின் இரக்கமே அவனுக்குப் புகலிடம் ஆகிறது. பார்வையாளர் கண்ணீர் சிந்துகின்றனர். ஆயின் முருகனிடம் தன் வழக்கை எடுத்துரைக்கச் சொல் எஞ்சவில்லை.

குரல் பெற்றவன்

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018 செப்டம்பரில் வெளிவந்தது. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரி மாணவனான பரியன் வேண்டுவது கல்வியும் மதிப்பும் ஆகும். ஜோவுடனான நட்பு காதலென்று பெயர் பெறுவதற்கு முன்பே, அவளுடைய உறவினர் அவனை அடித்து இழிவுபடுத்துகின்றனர். குற்றம் காதலிலன்று, நெருக்கத்திலேயே காணப்படுகிறது என்பதை இப்படம் உணர்த்துகிறது. கொலைகளை விபத்தாகவும் தற்கொலையாகவும் தோன்றச் செய்யும் முதியவரின் பாத்திரம், இத்தகைய வன்முறை பதிவேடுகளில் மறையும் விதத்தைக் காட்டுகிறது. பரியன் உயிர்பிழைத்து, ஜோவின் தந்தையிடம் நேருக்கு நேர் பேசுகிறான்.

சட்டமும் திரையும்

அதே ஆண்டு மார்ச் 27 அன்று, சக்தி வாகினி வழக்கில், வயதுவந்த இருவர் மணம் புரியக் குடும்பத்தின் அல்லது சமூகத்தின் ஒப்புதல் தேவையில்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் வழங்கிய உரிமைக்கும் ஊர் விதிக்கும் தண்டனைக்கும் இடைப்பட்ட தொலைவையே இப்படம் அளக்கிறது.

முடிவுரை

மெல்பேர்னின் கேரம் டவுன்ஸ் போன்ற புறநகரில் வளரும் இளந்தமிழர் இப்படங்களை ஆங்கில வசனவரிகளுடன் காணும்போது, வட்டார வழக்கும் ஊரமைப்பும் சுட்டும் சாதிக் குறிப்புகள் நழுவிவிடக்கூடும். ஆஸ்திரேலியாவின் 1975ஆம் ஆண்டு இனப் பாகுபாட்டுச் சட்டம் மரபுவழியைக் குறிப்பிடுகிறது; சாதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆகவே அக்குறிப்புகளை விளக்கியுரைக்கும் பொறுப்பு புலம்பெயர் தமிழ்க் கல்விக்கு உரியது. மணப்பேச்சில் சாதி வினவப்படும் வரை, இப்படங்கள் தொலைதூரத்து ஊரின் கதைகள் மட்டுமல்ல.