பாதுகாப்பு அரண் மாறுகிறது: உங்கள் மருத்துவப் பதிவுகள் என்னவாகும்?

குடவாசலிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் நம் மருத்துவமனைக்கு வருவோரின் இரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே படங்கள், மருந்து ஒவ்வாமைக் குறிப்புகள் ஆகியவை இன்று கணினியில்தான் உள்ளன. அக்கணினிகளைக் காக்கும் 'ஃபயர்வால்' எனும் பாதுகாப்புக் கருவி பழையதாகிவிட்டதால் விரைவில் மாற்றப்படவுள்ளது. "மாற்றினால் எங்கள் ரிப்போர்ட் அழிந்துவிடுமா?" என்று சிலர் கேட்கின்றனர். முறைப்படி மாற்றினால் அழியாது. அந்த முறை எது என்பதை நோயாளிகளும் அறிந்திருத்தல் நலம்.

கருவியின் பணி

ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குச் செல்லும் நீரை மதகு கட்டுப்படுத்துவதுபோல, இணையத்திலிருந்து வரும் தகவல்களில் எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்பதை ஃபயர்வால் தீர்மானிக்கிறது. உங்கள் பதிவுகள் அதனுள் இல்லை. அவை சர்வர் எனப்படும் தனிக் கணினியில் உள்ளன. ஃபயர்வாலில் இருப்பவை அனுமதி விதிகளும், யார் எப்போது நுழைய முயன்றனர் என்ற பதிவேடும் மட்டுமே.

எனினும் அவ்விதிகள் பிழையாக அமைந்தால் இரண்டு கேடுகள் நேரலாம். ஆய்வக முடிவு மருத்துவரின் திரைக்கு வந்து சேராமல் போகலாம். அல்லது மூடியிருக்க வேண்டிய வழி திறந்தே கிடக்கலாம். இரண்டாவதே பெரிய ஆபத்து.

எய்ம்ஸ் தந்த பாடம்

2022 நவம்பர் 23 அன்று புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. 5 சர்வர்களில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவுகள் திறக்க இயலாதவாறு பூட்டப்பட்டன. புறநோயாளிப் பதிவும் ஆய்வகப் பணிகளும் பல நாட்கள் காகிதத்தில் நடைபெற்றன. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே இதற்குக் காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தாக்குதலுக்கு உட்படாத ஒரு சர்வரில் காப்புநகல் இருந்ததால் நோயாளிகளின் தரவுகள் மீட்கப்பட்டன.

மாற்றும் முறை

முதலில் பதிவுகள் அனைத்தும் நகலெடுக்கப்பட்டு, வலையமைப்புடன் இணையாத இடத்தில் வைக்கப்படும். நகலெடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து பதிவுகளை மீட்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கப்படும். பழைய ஃபயர்வாலின் விதிகளும் நுழைவுப் பதிவேடும் தனியே சேமிக்கப்படும். தேவையற்ற விதிகள் நீக்கப்பட்ட பின்னரே மற்றவை புதிய கருவியில் ஏற்றப்படும். அதனுடன் வந்த கடவுச்சொல்லும் மாற்றப்படும்.

பார்வையாளர்களின் வைஃபை, அலுவலகக் கணினிகள், தீவிர சிகிச்சைப் பிரிவின் கருவிகள் ஆகியவை தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒரு பகுதியில் தீங்கு நேர்ந்தாலும் மற்றொன்றுக்கு எளிதில் பரவாது. கூட்டம் குறைந்த இரவு நேரத்தில் இணைப்பு மாற்றப்படும். புதிய கருவி சரியாக இயங்குவது உறுதியாகும்வரை பழைய கருவி கழற்றிய நிலையில் அருகிலேயே இருக்கும். கோளாறு ஏற்பட்டால் உடனே அதற்குத் திரும்பலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

இணைப்பு நிற்கும் நேரத்தில் சிகிச்சை நிற்காது; பதிவுகள் காகிதத்தில் எழுதப்பட்டுப் பின்னர் கணினியில் சேர்க்கப்படும். ஆனால் பென்சிலின் ஒவ்வாமை உள்ளவரின் குறிப்பு திரையில் தெரியாத அரைமணி நேரமும் ஆபத்தானதே. ஆகவே,

• பழைய மருந்துச் சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் உடன் கொண்டுவாருங்கள்.

• ஒவ்வாமை இருப்பின் கேட்கும் முன்பே சொல்லுங்கள். சீட்டின் மேற்பகுதியில் எழுதச் செய்யுங்கள்.

• இன்சுலின் போடுவோரும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்வோரும் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வைத்திருங்கள். உடன் வருபவருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

• "மருத்துவமனையிலிருந்து பேசுகிறோம், பதிவைப் புதுப்பிக்க ஓடிபி சொல்லுங்கள்" என்று யாரேனும் அழைத்தால் சொல்லாதீர்கள். பணம் இழந்திருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் அளியுங்கள்.

மாற்றம் நடைபெறும் நாள் புறநோயாளிப் பிரிவின் அறிவிப்புப் பலகையில் முன்கூட்டியே வெளியிடப்படும். அதன்பின் வரும்போது உங்கள் பெயர், வயது, ஒவ்வாமைக் குறிப்பு ஆகியவை திரையில் சரியாக உள்ளனவா என்று ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.