மூக்குத்தி போட்ட மீன் எங்கே போகும்?

நீர்வழித் தடம் – 14

கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறி வந்த உல்லம் மீன்கள், 1836இல் கட்டிய கீழணையில் முட்டி நின்ற கதையைப் போன வாரம் பார்த்தோம். அந்த ஆற்றுக்குத் தண்ணீர் கொடுக்கும் மலைகளில் ஒன்றான கொல்லிமலைக்கு இந்த வாரம் ஏறுவோம்.

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும் அய்யாற்றில் மீன்கள் சாமிக்குச் சொந்தம். அறுத்துச் சமைத்த மீனையே பொருத்தி, உயிர் கொடுத்து ஆற்றில் விட்டவர் இந்த ஈஸ்வரன் என்கிறது தலக்கதை. ஆடிப்பெருக்கை ஒட்டி, வேண்டிக்கொண்டவர்கள் மீனைப் பிடித்து மூக்குத்தி குத்தி மறுபடி தண்ணீரில் விடும் வழக்கமும் இங்கே உண்டு.

பக்தருக்கு அது நேர்த்திக்கடன். மீன் ஆய்வாளர் பார்த்தால், அடையாளம் போட்ட மீன் என்பார். சால்மன் குஞ்சுகளின் வாலில் ரிப்பன் கட்டிவிட்டு, அவை கடலுக்குப் போய் அதே ஆற்றுக்குத் திரும்பியதைக் கண்டவர்களைப் பற்றி, 1653இல் இங்கிலாந்தில் ஐசக் வால்டன் எழுதினார். இன்றைக்கும் பராக்கா அணைக்கு மேலே மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் உல்லம் மீன்களுக்குச் சீட்டு மாட்டித்தான் கங்கையில் விடுகிறார்கள். ரிப்பனோ சீட்டோ மூக்குத்தியோ, எல்லாவற்றுக்கும் ஒரே குறைதான். அந்த மீன் மறுபடி யார் கையிலாவது சிக்க வேண்டும். விட்ட இடமும் பிடித்த இடமும் தெரியும். நடுவில் அது எங்கே தங்கியது, எந்த மடுவில் கோடையைக் கழித்தது என்பது தெரியாது.

அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் ரேடியோ. 2023இல் அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் புகுந்தபோது, அதன் கழுத்துப் பட்டையிலிருந்து வந்த சிக்னலைத்தான் வனத்துறையினர் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீனுக்குக் கழுத்து ஏது? அதனால் கருவியை வயிற்றுக்குள் வைக்கிறார்கள்.

வேலை சில நிமிடங்களில் முடிந்துவிட வேண்டும். மயக்க மருந்து கலந்த தண்ணீரில் மீனை விடுகிறார்கள்; பல இடங்களில் கிராம்பு எண்ணெயே மயக்க மருந்து. அது மல்லாந்ததும் ஈரப் பஞ்சுத் தொட்டிலில் வயிறு மேலாகக் கிடத்தி, செவுள் காய்ந்துவிடாதபடி சிறு குழாயில் தண்ணீர் ஓட விடுகிறார்கள். அடிவயிற்றில் சிறு கீறல். அதன் வழியே பேட்டரியோடு கூடிய ஒரு குப்பி உள்ளே போகிறது. மெல்லிய கம்பி ஆன்டெனா மட்டும் வெளியே தொங்கும். இரண்டு மூன்று தையல். மீன் தெளிந்து, தானே செவுளை அசைத்து நிமிர்ந்து நீந்தும்வரை காத்திருந்து ஆற்றில் விடுகிறார்கள். கருவியின் எடை மீனின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு.

அதன் பிறகு மனிதர் நடக்க வேண்டும். ஒருகாலத்தில் மொட்டை மாடிகளில் தூர்தர்ஷனுக்காக நின்ற அதே யாகி வகை ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, கரையோரமாக நடை. ஒவ்வொரு மீனுக்கும் தனி அலைவரிசை அல்லது தனிக் குறியீடு. 'டிக் டிக்' சத்தம் எந்தத் திசையில் ஓங்குகிறது என்று இரண்டு மூன்று இடங்களில் நின்று பார்த்து, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மீன் இருப்பதாகக் குறிக்கிறார்கள். குறுகிய பள்ளத்தாக்கில் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி ஆளை ஏமாற்றும். புள்ளி வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் மீன் செத்திருக்கலாம். கருவி கழன்று விழுந்திருக்கவும் செய்யலாம். உப்புத் தண்ணீரில் ரேடியோ அலை போகாது. நன்னீரிலும் பத்து மீட்டர் ஆழத்தைத் தாண்டினால் தேய்ந்துவிடும். ஆகவே ஆழமற்ற மலையாறுகளுக்குத்தான் இது பொருத்தம். கடலுக்கும் ஆழ நீர்த்தேக்கத்துக்கும் ஒலி அலைக் கருவி வேண்டும்.

பூடானில் மானஸ் ஆற்றுத் தொகுதியில் பொன் மஹ்சீர்களை இப்படித்தான் பின்தொடர்ந்தார்கள். மஹ்சீர் பெரிய ஆற்றில் கிடந்தாலும் முட்டையிடக் கிளையாறுகளைத் தேடிப் போகும் மீன். பெரிய ஆற்றைக் காப்பாற்றிவிட்டு, 'ஓடைதானே' என்று கிளையை மறித்தால் அடுத்த தலைமுறை இல்லை. நம் காவிரியின் திமில் மஹ்சீருக்கும் இந்த ஆபத்து உண்டு. 1946இல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் பிடித்த திமில் மஹ்சீர் 120 பவுண்டு. அவ்வளவு பெரிய மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியானதே 2018இல்தான். அதே ஆண்டில் அது 'மிக அருகிய இனம்' என்ற பட்டியலில் சேர்ந்தது.

கொல்லிமலை ஓடை மீன்களின் நிலை இன்னும் சிக்கல். ஆகாய கங்கை அருவியாக ஏறத்தாழ 300 அடி விழும் அய்யாறு, புளியஞ்சோலை வழியாகக் காவிரிப் படுகைக்கு இறங்குகிறது. அந்த உயரத்தை எந்த மீனும் ஏறாது. அருவிக்கு மேலே இருப்பவை தனித்த கூட்டம்; அங்கே அழிந்தால் கீழிருந்து நிரப்ப ஆளில்லை. மலையோடைகளில் வாழும் கல்லொட்டி போன்ற சிறு மீன்களுக்கு ரேடியோவும் பாரம். அவற்றுக்கென்று பேட்டரியே இல்லாத 'பிட்' குப்பி இருக்கிறது: 12 மில்லிமீட்டர் நீளம், 0.1 கிராம் எடை. ஓடைக்குக் குறுக்கே கம்பி வளையம் போட்டால், மீன் கடக்கும்போதெல்லாம் அதன் குப்பியிலுள்ள எண் பதிவாகும்.

இந்த மலையில் 20 மெகாவாட் நீர்மின் திட்டத்தை மின்வாரியம் கையில் எடுத்திருக்கிறது. ஓடைகளைத் தடுப்பணைகளில் மறித்து, நீரை மலையடிவாரத்துக்கு இறக்கிச் சுழலியைச் சுற்ற வைப்பது திட்டம். ஏற்கெனவே தனித்துக் கிடக்கும் கூட்டத்தை ஒவ்வொரு தடுப்பணையும் மேலும் துண்டாக்கும். கோடையில் எந்த மடுவில் மீன் பிழைக்கிறது, மழைக்கு எந்த ஓடையில் ஏறுகிறது என்று தெரிந்தால்தான், எவ்வளவு தண்ணீரை எப்போது விட வேண்டும் என்று சொல்ல முடியும்.

கொள்ளிடத்தில் அணையை முதலில் கட்டினோம். மீன் ஏறுவதற்கு வழியைப் பிறகு யோசித்தோம். உல்லம் அதில் ஏறவில்லை. கொல்லிமலையிலாவது வரிசை மாறட்டும். திட்ட அறிக்கையில் மண் பரிசோதனைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை மீன்களைப் பின்தொடர ஒதுக்குங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்த்துவிட்டு அணையின் இடத்தைக் குறியுங்கள்.

(தொடரும்)