முன்சக்கரம் முந்தட்டும்

வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுவது பிரிட்டனில் பழைய பொழுதுபோக்கு. 1957-இல் வந்த லோட்டஸ் செவனின் சாயலில், பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் உறுப்புகளை வைத்து 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் செய்யலாம் என்று ரான் சாம்பியன் 1996-இல் புத்தகமே எழுதினார். இப்படிக் கட்டுகிறவர்களில் பலர் பிரேக் பக்கம் வந்ததும் எவ்வளவு பெரிய டிஸ்க் போடலாம் என்றுதான் யோசிக்கிறார்கள். ஆனால் கார் எவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்பதற்கு டயரின் பிடிதான் எல்லை. டிஸ்க் பெரிதானால் காலுக்கு உழைப்பு குறையும், சூட்டையும் கூடுதலாகத் தாங்கும்; அந்த எல்லை நகராது. 600 கிலோ காரை மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் பிறக்கும் வெப்பம் முக்கால் லிட்டர் தண்ணீரைக்கூடக் கொதிக்க வைக்காது. அதைவிடக் கனமான வண்டிக்கென்று செய்த எஸ்கார்ட் டிஸ்க்குக்கு அது பெரிய சுமையல்ல. உண்மையில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியது, பிரேக்கின் பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதில்தான்.

பிரேக் அழுத்தியதும் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. நிற்கும்போது முன்னும் பின்னும் 300 கிலோ வீதம் இருக்கும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அச்சுகளுக்கிடையே 2.3 மீட்டர், எடைமையம் தரையிலிருந்து 45 செ.மீ. உலர்ந்த சாலையில், புவியீர்ப்பு முடுக்கத்தில் 90 சதவீத அளவுக்குக் கடுமையாக வேகம் தணிந்தால், சுமார் 106 கிலோ முன்னால் போய்விடும். அப்போது பங்கு 68-க்கு 32. மழையில் 40 சதவீதம்தான் கிடைக்கும் என்றால் 58-க்கு 42. ஆக, எல்லாச் சாலைக்கும் பொருந்தும் ஒரே பங்கீடு கிடையாது. ஏதோ ஒரு பக்கம் தவறித்தான் ஆக வேண்டும். எந்தப் பக்கம் தவறலாம்? முன்சக்கரங்கள் சுழலாமல் இறுகினால் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது, ஆனால் கார் நேராகச் சறுக்கும். காலைத் தளர்த்தினால் மீளும். பின்சக்கரங்கள் இறுகினால் அவை பக்கவாட்டுப் பிடியை இழக்கும், வால் முன்னே வரப் பார்க்கும், சுதாரிக்க நேரமிருக்காது. அதனால் உலர்ந்த சாலையின் உச்சக் கணக்குக்கும் சற்று மேலே, முன்னுக்கு 72 என்று வைப்பதே நியாயம்.

மழையில் பின்சக்கரப் பிடி வீணாகிறதே, நிற்கும் தூரம் கூடுமே என்பார்கள். கூடும்தான். ஆனால் சில மீட்டர் தள்ளி, நேராக நிற்பதற்கும், சுழன்று எதிர்த்தடத்தில் போய் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் கணக்கு சொல்லாது. தொழிற்சாலைக் கார்கள் பின்சக்கரங்களையும் நன்றாக வேலை வாங்குகின்றனவே என்ற கேள்வியும் வரும். அங்கே ஏ.பி.எஸ். ஒவ்வொரு சக்கரத்தையும் கண்காணித்து நொடிக்குப் பலமுறை அழுத்தத்தைத் திருத்துகிறது; கொட்டகைக் காரில் பெரும்பாலும் அது இருக்காது. இன்னொரு தரப்பு, எஸ்கார்ட்டின் பிரேக்கை மாற்றாமல் அப்படியே பொருத்தினால் போதும் என்கிறது. எடைமையம் உயரமான, மூக்குப் பக்கம் கனத்த வண்டிக்கான பங்கீடு அது. தாழ்ந்த, எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளிய புதிய காரில் முன்சக்கரங்கள் தேவைக்கு முன்பே இறுகக்கூடும். ஆபத்தில்லாத பக்கத்துப் பிழைதான். அதைத் திருத்துகிறேன் என்று பின்னால் பெரிய பிரேக்கை மாட்டும்போதுதான் வினை தொடங்குகிறது.

இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களையும் அவற்றுக்கிடையே பாலன்ஸ் பாரையும் வைத்தால் பங்கீட்டைத் திருகியே மாற்றலாம். ஆளில்லாத திடலில், முதலில் ஈரத் தரையிலும் பிறகு உலர்ந்த தரையிலும், எந்தச் சக்கரம் முதலில் இறுகுகிறது என்று வெளியே நின்று ஒருவர் பார்த்துச் சொல்ல, திருகைச் சரிசெய்து பூட்ட வேண்டும். பிறகு ஒட்டும் ரப்பருள்ள டயர் மாற்றினால், அதே சோதனையை மறுபடி செய்தாக வேண்டும். பிடி கூடினால் சாயும் பாரமும் கூடும். வேகம் தணிவது புவியீர்ப்பில் 110 சதவீதத்தைத் தொட்டால், முன்பங்கு 71.5-க்கு ஏறிவிடும். 68-இல் பூட்டிய காரில் அன்று முதலில் இறுகுவது பின்சக்கரம்.