லயத்துப் பரணும் காற்றுப் போர்வையும்

பதுளையிலிருந்து பண்டாரவளை, அப்புத்தளை நோக்கி ஏறுந்தோறும் குளிர் மிகுவதை நம் கல்லூரியிற் பயின்றோர் அனைவரும் அறிவர். அவ்வுயரங்களிலுள்ள தோட்ட லயங்களில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றே பல குடும்பங்களுக்கு முழு வீடுமாய் அமைந்துள்ளது. அத்தகைய வீட்டிற்குப் பரணே பண்டசாலை. பெட்டியும் பாடப்புத்தகமும் மட்டுமன்றிக் குடும்பப் பத்திரங்களும் அங்கேயே சேரும். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தபொழுது, 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வாழ்ந்தவர், அல்லது அன்னாரின் வழித்தோன்றல் என்பதே அடிப்படையாயிற்று. பழந்தாள்களைப் பேணுவதன் பயன் இதனாற் புலனாகும்.

ஆயினும் தகரக் கூரையின் கீழ்ப் பேணுதல் அரிது. தகரம் பகலில் வெப்பத்தைத் தடையின்றி உள்ளே விடும். இரவில் வெளியே விடும். அடுப்பிலிருந்து எழும் நீராவி குளிர்ந்த தகரத்திற் பட்டுத் துளியாய் வீழும். கூரைக்கும் அறைக்கும் இடையே அசையாக் காற்றைத் தேக்குவதே குளிருக்குப் பரிகாரம். கம்பளி நம்மைக் காப்பதும் தன் இழைகளிடையே சிறைப்பட்ட காற்றினாலன்றோ? கண்ணாடிப் பஞ்சின் தத்துவமும் அதுவே.

பரண் விட்டங்கள் 4 அங்குல உயரமே உடையனவாயின், 8 அங்குலப் பஞ்சை அவற்றிடையே அழுத்திப் பலகை அடிப்பதாற் காற்று வெளியேறும். காப்பும் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே பஞ்சை அமுக்காது பலகையை உயர்த்தல் வேண்டும். 270 மில்லிமீற்றர் கனம் பரிந்துரைக்கப்படும் பிரித்தானியாவிலும் பழைய வீடுகளில் இவ்வாறே செய்கின்றனர்.

முறை எளிது. பஞ்சைத் தாங்கக் கீழ்ப்பலகை இல்லையேல் முதலில் அதனை அடிக்க. பழைய விட்டங்களிடையே 4 அங்குலப் பஞ்சை விரித்து, அவற்றின் குறுக்கே 6 அங்குல உயரமுள்ள புதிய விட்டங்களைப் பொருத்துக. அவற்றிடையே மேலும் 4 அங்குலம் பரப்பினால், பலகைக்குக் கீழே 2 அங்குலம் காற்றோட்டத்திற்கு எஞ்சும். ஈரமுற்ற பஞ்சு பயனற்றதாகலின், இறவாரத்து இடைவெளியை அடைத்தலாகாது. கூரை உயர்ந்த நடுப்பகுதிக்கு மட்டும் பலகை போதும்.

பழைய விட்டங்கள் கறையான் அரிக்காதனவோ, புதிய பாரத்தைத் தாங்குமோ எனத் தச்சர் சோதித்த பின்னரே வேலை தொடங்குக. மின்கம்பியைப் பஞ்சினுட் புதைத்தால் அதன் சூடு தணியாது. எளிதிற் கிடைக்கும் தென்னந்தும்பு தீப்பற்றுவதாகலின் அடுப்பின் மேற்புறத்திற்கு ஆகாது. பத்திரங்களை இறுக மூடிய பெட்டியில் வைத்தலே நன்று.

2017 ஆம் ஆண்டில் இந்தியா மலையகத்திற்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தது. இத்தகைய புது வீடுகளில் விட்டங்களைக் கட்டும்பொழுதே போதிய உயரத்துடன் அமைத்துவிடின், பின்னர் உயர்த்தும் செலவில்லை. பொறியியலாளராயும் ஆசிரியராயும் விளங்கும் நம் பழைய மாணவர் இதனைத் தோட்டந்தோறும் எடுத்துரைப்பாராயின், இரவிற் படிக்கும் சிறுவர்க்குக் குளிர் குறையும்; கல்லூரிக்கும் அது பெருமையாகும்.