பலபகுதிச் சுருக்கக் கோப்பு

பெரிய கோப்பு ஒன்றைச் சுருக்கி, குறித்த அளவுள்ள பல துண்டுகளாக வெட்டி வைக்கும்போது கிடைப்பது பலபகுதிச் சுருக்கக் கோப்பு ஆகும். 1.44 எம்பி மட்டுமே கொள்ளும் பிளாப்பி வட்டுகளின் காலத்தில் இது அன்றாடத் தேவையாக இருந்தது. பென் டிரைவ்களில் இன்றும் பரவலாக உள்ள பேட்32 கோப்பு முறைமை, 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவான அளவு வரையே ஒரு தனிக்கோப்பை ஏற்கும் என்பதால் அத்தேவை இன்னும் தீரவில்லை.

பழவேற்காடு ஏரி மீனவர்களிடையே, மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் வழக்கம் உண்டு. ஆரம்பாக்கத்து மாணவர் ஒருவர் இதுபற்றி முதியவர்கள் பேசியதைக் காணொளிகளாகப் பதிந்து, 10 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பாகக் கட்டியிருக்கிறார் என்று கொள்வோம். 16 ஜிபி பென் டிரைவ் காலியாக இருந்தாலும் அதில் இக்கோப்பு ஏறாது. காணொளிகள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. மேலும் சுருக்கினாலும் அளவு பெரிதாகக் குறையாது. வெட்டுவதே வழி.

வெட்டுதல்

லினக்ஸில் இதற்கென 'ஸ்பிளிட்' கட்டளை உள்ளது. அதில் 'பி' என்ற விருப்பத்துடன் 3ஜி என அளவு கொடுத்தால், 10 ஜிபி கோப்பு நான்கு துண்டுகளாகும். பெயர்களின் இறுதியில் 'ஏஏ', 'ஏபி' என எழுத்துகள் வரிசையாகச் சேரும். 4ஜி என்று கொடுத்துவிடக் கூடாது. அது பேட்32 வரம்பை ஒரே ஒரு பைட் தாண்டும்! அளவே கொடுக்காவிட்டால் கட்டளை ஆயிரம் வரிக்கு ஒருமுறை வெட்டும். காணொளிக் கோப்பு எண்ணற்ற சிறு துண்டுகளாகச் சிதறிவிடும்.

7-ஜிப் மென்பொருள் சுருக்குவதையும் வெட்டுவதையும் ஒன்றாகவே செய்யும். 'வி' விருப்பத்தில் அளவைக் குறித்தால் 001, 002 என்று எண்ணிட்ட பகுதிகள் கிடைக்கும். பிரிக்கும்போது முதல் பகுதியைத் திறந்தால் போதும், மற்றவற்றை அதுவே தேடிக்கொள்ளும். விண்டோஸ் கணினிக்குக் கொண்டுசெல்வோருக்கு இதுவே எளிது.

லினக்ஸின் 'ஜிப்' கட்டளையும் 'எஸ்' விருப்பத்தால் வெட்டும். ஆனால் அதன் இணையான 'அன்ஜிப்' அப்பகுதிகளைப் பிரிக்காது. முதலில் 'ஜிப்' கட்டளையையே பயன்படுத்தி, 'எஸ்' விருப்பத்துக்குச் சுழியம் கொடுத்து, ஒரே கோப்பாக்கிக்கொள்ள வேண்டும்.

சேர்த்தல்

'ஸ்பிளிட்' தந்த துண்டுகளை 'கேட்' கட்டளை ஒட்டவைக்கும். பெயரின் பொதுப்பகுதிக்குப் பின் நட்சத்திரக் குறியிட்டால், அவை அகரவரிசையில் சேரும். துண்டுகளுக்குத் தாமாகவே 1, 2, 3 என்று பெயர் மாற்றியோர் இங்கேதான் அகப்படுவர்: அகரவரிசையில் 10 என்பது 2க்கு முன்னால் வரும். கட்டளை எந்தப் பிழையும் காட்டாது. கோப்பு மட்டும் திறக்காது. 01, 02 என இரண்டு இலக்கங்களாகப் பெயரிட்டால் இச்சிக்கல் இல்லை.

நான்கு துண்டுகளில் ஒன்று கெட்டாலும் முழுக் கோப்பும் பயனற்றுப் போகலாம். எனவே வெட்டுவதற்கு முன் 'ஷா256சம்' கட்டளையால் மூலக்கோப்பின் சரிபார்ப்பு எண்ணைக் குறித்துவைத்து, மறு கணினியில் சேர்த்த கோப்பின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்கும்வரை முதல் கணினியில் உள்ள மூலத்தை அழிக்கக் கூடாது. முதியவர்களின் பேச்சை மறுபடி பதிவது எல்லா நேரமும் இயலாது.