வீடு தேடி வரும் நர்ஸ்

“மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?” என்று கேட்டால் எல்லோரும்தான் தலையாட்டுவார்கள். அனுபவப்பட்ட நர்ஸ் அதோடு விடமாட்டார்; மாத்திரை அட்டையை வாங்கி எத்தனை மிச்சமிருக்கிறது என்று எண்ணிவிடுவார்.

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஆயுசுக்கும் கூடவே வருபவை. டாக்டர் முன்னால் உட்காருவதோ சில நிமிடங்கள்தான். மற்ற நாட்களுக்கு யார்? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இதற்கு ஒரு பதில். பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் அளவு பார்த்து மாத்திரை தருகிறார்கள். படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸ் வருகிறார்.

அவர் கண் முதலில் போவது முதுகுக்கும் இடுப்புக்கும் குதிகாலுக்கும். தோல் சிவந்திருந்தால் படுக்கைப்புண் வரப்போகிறது என்று அர்த்தம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்று வீட்டாருக்குச் செய்து காட்டுவார்.

சர்க்கரைக்காரர் என்றால் பாதத்தையும் பார்க்க வேண்டும். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கிற எளிய முறை உண்டு. மரத்துப்போன காலில் முள் குத்தினாலும் தெரியாது; புண் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்பதை நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது, வீட்டிலிருக்கும் மருமகளிடமும் சொல்லிவைக்க வேண்டும்.